குதிலேக்காரன் பெண்டாட்டி

கோவில்பட்டியில் உமாதேவி வீடு எது என்று கேட்டால், அவள் குடியிருக்கிற தெருவிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. குதிலேக்காரன் வீடு என்று கேட்டால் சின்னப்பிள்ளைகூடக் கையைக் காட்டிவிடும். புருஷனுக்கு ஊர் வைத்த பட்டம் பெண்டாட்டிக்கும் பிள்ளைக்கும் சேர்ந்தே ஒட்டிக்கொண்டது.

அதற்கு முன்னால், ஊர் கூப்பிட்டுப் பட்டம் வைக்கும்படி அவர்கள் வாழ்க்கையில் எதுவும் நடந்ததில்லை. உமாதேவி இடைசெவல் பக்கத்துக்காரி. பிறந்த வீட்டிலும் ஆடு, வாக்கப்பட்ட வீட்டிலும் ஆடு. புருஷன் கண்ணபிரானின் குடும்பம் கயத்தாற்றுக்குக் கிழக்கே, வெள்ளாமை எடுத்த கரிசல் காடுகளில் மாற்றி மாற்றி ஆட்டுக்கிடை போட்டுக்கொண்டிருந்தது. கண்ணபிரான் வீட்டுக்குள் பேசினால் பக்கத்தில் இருப்பவர் காதைக் கொடுத்தால்தான் கேட்கும். காட்டில் நின்று ஒரு சத்தம் கொடுத்தானென்றால், ஓடைக்கு அந்தப் பக்கம் பருத்தியில் வாய் வைக்கப் போன ஆடு தலையைத் தூக்கித் திரும்பிப் பார்க்கும். இந்த மனுஷனுக்குள் இவ்வளவு சத்தம் எங்கே கிடக்கிறது என்று கல்யாணமான புதிதில் உமா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறாள்.

ஒரு மழைக்காலத்தில் நோய் விழுந்து ஆடுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. மிச்சத்தை விற்றுவிட்டுக் கோவில்பட்டிக்குக் குடிவந்தார்கள். அவன் சென்ட்ரிங் வேலைக்குப் போனான். அவள் ஒரு கடலைமிட்டாய் கம்பெனியில் பாக்கெட் போடச் சேர்ந்தாள். அங்கே அவளுக்குப் பக்கத்து இடம் ஸ்டெல்லாமேரிக்கு.

ஸ்டெல்லாமேரி உமாவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். புருஷன் இல்லை. மகள் ஜீனாவைத் திருநெல்வேலியில் கட்டிக் கொடுத்திருந்தாள். மகன் பிரின்ஸ்டன் ஐடிஐ முடித்துவிட்டு ஒரு வளைகுடா நாட்டில் கட்டட வேலைக்குப் போயிருந்தான். புதிதாக வந்த உமாவுக்குக் கை வேகம் வரவில்லை என்று சூப்பர்வைசர் கத்தும்போதெல்லாம், தன் பாக்கெட்டுகளில் கொஞ்சத்தை உமா பக்கம் தள்ளிவிடுகிறவள் ஸ்டெல்லா. சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தி தூக்குச்சட்டியில் இன்னொருத்தி கை போடும் அளவுக்குப் பழகினார்கள்.

கண்ணபிரானை வெளிநாட்டுக்கு அனுப்பச் சொன்னதும் அவள்தான்.

"பிரின்ஸ்டன் கம்பெனியில ஆள் எடுக்காவளாம் உமா. தம்பியப் போகச் சொல்லு. என் பிள்ளைக்கும் ஊர்க்காரர் ஒருத்தர், பெரிய ஆளா, கூட இருந்த மாதிரி இருக்கும்."

கண்ணபிரான் போனான். பிரின்ஸ்டன் அவனை அண்ணாச்சி, அண்ணாச்சி என்று விழுந்து விழுந்து கவனித்தான். ஒரே கேம்ப், ஒரே அறை. வெள்ளிக்கிழமைகளில் இரண்டு பேரும் சேர்ந்து குழம்பு வைத்துவிட்டு வீடியோ காலில் வருவார்கள். ஒரு போனில் ஸ்டெல்லா முகமும் உமா முகமும் இடித்துக்கொண்டு தெரியும்.

ஒன்றரை வருஷம் அப்படிப் போனது. பிறகு ஒரு நாள் விடியற்காலையில் அந்தக் கேம்ப் கட்டடத்தில் தீப்பிடித்தது. கீழ்த்தளத்தில் பிடித்த தீ, படிக்கட்டு வழியாகப் புகையாக ஏறி, தூங்கிக்கொண்டிருந்தவர்களைப் பிடித்துவிட்டது. பல மாநிலத்துப் பிள்ளைகள் செத்தார்கள். இங்கே டிவியில் காலையிலிருந்து அதே செய்திதான். உமா கண்ணபிரானின் நம்பரைப் போட்டுப் போட்டுக் கை ஓய்ந்து உட்கார்ந்திருந்தாள். மதியத்துக்கு மேல் அவனே கூப்பிட்டான்.

"நான் நல்லாயிருக்கேன். நைட் ஷிஃப்டுல இருந்தேன். வந்து பாக்கும்போது எல்லாம் முடிஞ்சிட்டு." அப்புறம்தான் அதைச் சொன்னான். "பிரின்ஸ்டன் போயிட்டாம்ட்டி. ஸ்டெல்லா அக்காவப் போய்ப் பாரு."

உமா போனாள். அங்கே என்ன சொன்னாள், எப்படி இருந்தாள் என்பது அவளுக்கே நினைவில்லை. பெட்டி வந்து சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. திறக்கக் கூடாது என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். கம்பெனிக்காரர்கள் ஜீனாவின் புருஷனுக்குப் போன் பண்ணி, புகையில் மூச்சடைத்துத் தூக்கத்திலேயே இறந்திருக்கிறான் என்று சொல்லியிருந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் மண் தள்ளிவிட்டு வரும்போது ஸ்டெல்லா அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். "ஆண்டவர் தூக்கத்துலயே கூட்டிக்கிட்டாரு. ஒண்ணும் தெரிஞ்சிருக்காது என் பிள்ளைக்கு. இல்ல உமா?" உமா தலையை ஆட்டினாள். அப்போது அவள் ஆட்டியது நிஜமாகவே நம்பித்தான்.

அந்த வீடியோ அதற்கு அடுத்த வாரம் ஊருக்குள் வந்தது. யாரோ எடுத்து, யாரோ அனுப்பி, கோவில்பட்டியில் எல்லார் போனிலும் ஏறியிருந்தது. உமாவுக்கு அதைக் காட்டியவள் எட்டாவது படிக்கிற மகள் காளீஸ்வரி.

வெளிச்சம் சரியாக வராத நேரம். உயரமான கட்டடம். ஜன்னல்களிலிருந்து கரும்புகை. ஒரு ஜன்னலில் கம்பி இல்லை. அதில் ஒரு உருவம் கால்களை வெளியே போட்டு உட்கார்ந்திருக்கிறது. முகம் தெரியவில்லை. சுற்றிலும் ஏதேதோ பாஷையில் கூச்சல். அத்தனை கூச்சலையும் அமுக்கிக்கொண்டு ஒரு குரல்.

"ஏலே, குதிலே! கீழ மணலு கெடக்கு! குதிலே!"

உருவம் ஒரு தடவை உள்ளே திரும்பிப் பார்க்கிறது. பிறகு கையை விடுகிறது. எடுத்தவன் கை ஆடி, படம் வானத்தையும் ஒரு தகரக் கூரையையும் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது.

"எம்மா, இது அப்பால்லா?" என்றாள் காளீஸ்வரி.

உமா போனைப் பிடுங்கினாள். "உங்கப்பா வேலையிலல்லாட்டி இருந்தாவ. எவன் சத்தத்தையோ கேட்டுட்டு... வாய மூடு. வெளிய எங்கயும் இதச் சொல்லிக்கிட்டுத் திரியாத."

பிள்ளை முகத்தைப் பார்த்தபோதே, அவள் நம்பவில்லை என்பது உமாவுக்குத் தெரிந்தது. உமா மட்டும் நம்பினாளா என்ன? கரிசல் காட்டில் எத்தனை வருஷம் கேட்ட சத்தம். அன்று சாயங்காலம் புருஷனைக் கூப்பிட்டாள்.

"அங்கன நீங்க இருந்தீங்களா?"

"எங்கன?"

"தீப்பிடிச்சப்போ. வெளிய நின்னு கத்துனது நீங்களா?"

"வேலையில இருந்தேம்னு சொன்னேம்லா." போன் கட்டாகிவிட்டது.

உமா அதை விழுங்கிக்கொண்டாள். ஸ்டெல்லாவிடம் சொல்லலாம். சொன்னால் என்ன சொல்வது? உன் பிள்ளை தூக்கத்தில் சாகவில்லை, ஜன்னலில் உட்கார்ந்து பயந்து செத்தான், குதிக்கச் சொன்னது என் புருஷன் என்றா? அது பிரின்ஸ்டன்தான் என்று யார் கண்டது? வேறு யாராகவும் இருக்கலாமே. இப்படி ஒவ்வொன்றாக எடுத்து வைத்துத் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். 'ஏலே' என்று அவன் அங்கே கூப்பிடுவதற்கு இன்னொரு ஆள் கிடையாது என்பதை மட்டும் எடுத்து வைக்கவில்லை.

ஸ்டெல்லா வேலைக்குத் திரும்பி வந்த சில நாளில் அவள் போனுக்கும் அந்த வீடியோ வந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் உமா பக்கம் நீட்டினாள்.

"இந்தப் பிள்ளையப் பாரேன் உமா. எவ பெத்ததோ. நின்னுருந்தாம்னா எறக்கிருப்பாவ. ஏணி வண்டி பொறவு வந்துட்டுதாம்லா."

உமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"கத்துறது நம்ம பக்கத்துப் பேச்சால்லா இருக்கு? எங்கயோ கேட்ட மாதிரியும் இருக்கு. உனக்கு யாருன்னு தெரியுதா?"

"போன்ல எல்லாச் சத்தமும் ஒண்ணுபோலத்தான் இருக்கும்க்கா. எனக்குத் தெரியல."

"பாவிப்பய. அவன் வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருக்கக் கூடாதா." ஸ்டெல்லா போனை மடியில் வைத்தாள். "என் பிள்ளைக்கு இப்படி ஒரு சாவக் குடுக்காம விட்டாரே ஆண்டவர். அதுக்கே நான் தோத்திரம் சொல்லணும்."

உமா அந்தச் சோற்றை முழுவதும் சாப்பிட்டாள். சாப்பிடாமல் எழுந்தால் ஸ்டெல்லா ஏன் என்று கேட்பாள். அதற்குப் பிறகு தினமும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பாக்கெட் போட்டாள். ஸ்டெல்லா அழுதால் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அந்தக் கை எப்படித்தான் கூசாமல் இருந்ததோ என்று பின்னால் பல தடவை யோசித்திருக்கிறாள்.

கம்பெனி மிச்சமிருந்தவர்களை ஊருக்கு அனுப்பிவிட்டது. கண்ணபிரான் ஒரு பையோடு வந்து இறங்கினான். தெருப் பெண்கள் வந்து பார்த்து, "உன் தாலி கெட்டிட்டி உமா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தாலி கெட்டிதான். ஆள்தான் பாதிகூடத் திரும்பி வரவில்லை. வேலைக்குப் போவான், வருவான், தின்பான், சுவரைப் பார்த்துப் படுப்பான். உமா கேட்டுப் பார்த்தாள். இதமாகக் கேட்டாள், சண்டை போட்டுக் கேட்டாள். "எனக்கிட்டயாவது சொல்லுங்களேன். நான் யாரு?" என்று அழுதும் பார்த்தாள். சுவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, வெள்ளைச் சேலையோடு, ஸ்டெல்லா அவனைப் பார்க்க வந்தாள். அவன் வந்த நாளிலிருந்தே வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். உமாதான் ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். இனித் தள்ள முடியவில்லை. காப்பி கொடுத்தாள். கண்ணபிரான் தலையைக் குனிந்தபடி, கேட்டதற்கெல்லாம் மெதுவாகப் பதில் சொன்னான். பிள்ளை நன்றாகச் சாப்பிட்டானா, காய்ச்சல் கீய்ச்சல் வந்ததா, அம்மாவைப் பற்றிப் பேசுவானா. "பேசுவான்க்கா. உங்க மீன்கொழம்பப் பத்தித்தான் பேசுவான்" என்றான். ஸ்டெல்லா சிரிக்கக்கூடச் செய்தாள். உமாவுக்கு மூச்சு கொஞ்சம் சீராக வந்தது.

வெளியே தண்ணீர் லாரி வந்தது. பெண்கள் குடங்களை வரிசை போட்டுக்கொண்டு நின்றார்கள். டிரைவர் பின்னால் பார்க்காமல் லாரியை வேகமாகப் பின்னுக்கு எடுத்தான். பின்சக்கரத்துக்கு நேரே ஒரு கிழவி குனிந்து குடத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தது வாசல் வழியாகத் தெரிந்தது. கண்ணபிரான் எழுந்திருக்கக்கூட இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினான்.

"ஏலே! நிறுத்துலே! நிறுத்து!"

லாரி நின்றது. கிழவிக்கு ஒன்றுமில்லை. பெண்கள் டிரைவரைத் திட்டுகிற சத்தம் கேட்டது. ஸ்டெல்லா காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அது நீங்களா தம்பி?"

அவன் வாசலைப் பார்த்தான்.

"வீடியோவுல கத்துனது."

"அது... அது ஒரு பீகார்க்காரப் பையன்க்கா. மாடியில நின்னது. பிரின்ஸ்டன் இல்ல. அவன் உள்ள தூங்கிக்கிட்டுத்தான்..."

"அந்தப் பீகார்க்காரனுக்கு 'குதிலே'ன்னா தெரியுமா?"

கண்ணபிரான் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். ஸ்டெல்லா அவனைத் திட்டுவாள், மாரில் அறைந்துகொண்டு அழுவாள் என்று உமா நினைத்தாள். அவள் திரும்பியது உமா பக்கம்.

"உனக்குத் தெரியுமா?"

உமா கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். அதுவே போதுமானதாக இருந்தது.

"அவரு பதட்டத்துல கத்துனாரு. யாரா இருந்தாலும் கத்தத்தான் செய்வாவ. அத நான் என்னைக்காவது ஆறிக்கிடுவேன்." ஸ்டெல்லா எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள். "நீ எம் பக்கத்துல உக்காந்துல்லாட்டி பாக்கெட் போட்ட. எம் முதுகத் தடவுன. நான் தோத்திரம் சொல்லும்போதெல்லாம் கேட்டுக்கிட்டு இருந்தியேட்டி."

போய்விட்டாள். உமாவை அவள் அதற்குமுன் 'ஏட்டி' போட்டு எடுத்தெறிந்து பேசியதில்லை.

ஸ்டெல்லா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியவில்லை. திங்கட்கிழமை கம்பெனியில் சூப்பர்வைசரிடம் வேறு இடம் கேட்டாள். ஏன் என்று கேட்டவர்களுக்குக் காரணத்தைச் சொன்னாள், அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் கம்பெனிக்குத் தெரிந்தது, மறுநாள் டவுனுக்குத் தெரிந்தது. டீக்கடையில் எவனோ வைத்த பட்டம் அந்த வாரமே ஊன்றிவிட்டது. கண்ணபிரான் சைக்கிளில் போனால் பள்ளிக்கூடத்துப் பையன்கள் பின்னால் இருந்து, "குதிலே!" என்று கத்திவிட்டு ஓடினார்கள். காளீஸ்வரி ஒரு நாள் அழுதுகொண்டே வந்து, இனி அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டேன் என்றாள். உமாவின் பக்கத்து இடம் காலியாகவே கிடந்தது. புதிதாக வந்தவர்களைக்கூட யாரோ கண்ணைக் காட்டி வேறு பக்கம் உட்கார வைத்தார்கள்.

உமாவுக்கு எல்லார்மேலும் கோபம் வந்தது. வாயைத் திறக்காத புருஷன்மேல் வந்தது. போனால் போகட்டும் என்று விடாத ஸ்டெல்லாமேல் வந்தது. சில நேரம் செத்துப்போன பிள்ளைமேல்கூட வந்தது. சொன்னதும் குதித்துவிட வேண்டுமா? அப்படி நினைத்த அன்று குளத்தாங்கரைப் பக்கம் போய் நின்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

தீ விபத்து நடந்து ஒரு வருஷம் ஆனபோது, யூடியூப் சேனல் நடத்துகிற சுடலைக்குமார் என்பவன் வீடு தேடி வந்தான். நேரில் பார்த்த சாட்சி என்ற முறையில் அண்ணாச்சி நாலு வார்த்தை பேச வேண்டும் என்றான். உமா வாசலிலேயே, "அவிய பேச மாட்டாவ, போங்க" என்றாள். உள்ளேயிருந்து கண்ணபிரான், "வரச் சொல்லு" என்றான்.

சட்டைக் காலரில் ஒரு சின்ன மைக்கைச் சொருகினார்கள். சுடலைக்குமார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்: "அன்னைக்கு என்ன நடந்துச்சு அண்ணாச்சி?" கண்ணபிரான் பேச ஆரம்பித்தான். ஒரு வருஷம் பெண்டாட்டி அழுது கேட்டும் வராத பேச்சு, தண்ணீர் திறந்துவிட்டதுபோல் வந்தது. ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் கேம்ப் வாசலில் வந்து இறங்கியது. பிரின்ஸ்டனிடமிருந்து போன் வந்தது. "கதவத் தொறக்க முடியல அண்ணாச்சி, ஒரே பொகையா இருக்கு, ஜன்னல்ல இருக்கேன்னான்." சுவரோரம் பூச்சு வேலைக்காகக் கொட்டியிருந்த மணல் குவியலை முந்தின சாயங்காலம் வேலைக்குப் போகும்போது இவன் பார்த்திருக்கிறான். நின்ற இடத்திலிருந்து தகரக் கூரை மறைத்ததால் தரை தெரியவில்லை. மணல் அங்கேதான் கிடக்கிறது என்று நம்பிக் கத்தியிருக்கிறான். மணலை இடையில் யாரோ அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள்.

அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று உமா இதை முதன்முதலாகக் கேட்டாள், கேமராவுக்குப் பின்னால் நிற்கிற வேற்றாள் மாதிரி.

"வீட்ல சொன்னீங்களா இதெல்லாம்?" என்று கேட்டான் சுடலைக்குமார்.

"வீட்ல எப்படிச் சொல்ல? பொம்பளைங்க தாங்க மாட்டாவ." கண்ணபிரான் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "குதிக்கதுக்கு முன்ன போன்ல கடைசியா ஒண்ணு சொன்னான். 'அண்ணாச்சி, எனக்கு எதுவும் ஆச்சுன்னா நான் பயந்தேம்னு அம்மாகிட்ட சொல்லிராதீங்க'ன்னான். அதனாலதான் நான் இத்தன நாளும் வாயத் தொறக்கல."

சுடலைக்குமார் அதற்கு மேல் எதுவும் கேட்காமல் மைக்கைக் கழற்றினான். அவர்கள் போனதும் உமா புருஷன் முன்னால் வந்து நின்றாள்.

"அவன் நெசமாவே அப்படிச் சொன்னானா?"

கண்ணபிரான் காலரைத் தடவிக்கொண்டிருந்தான், இன்னும் மைக் அங்கே இருப்பதுபோல. "சொல்லியிருப்பாம்ட்டி" என்றான்.

வீடியோ வெளியாகி ஊரெல்லாம் பார்த்தது. கீழே ஆயிரம் பேர் அழுதிருந்தார்கள். உமா ஒரு நாள் வேலை முடிந்து வந்ததும் ஸ்டெல்லா வீட்டுக்குப் போனாள். மணல் விஷயத்தையாவது நேரில் சொல்லிவிட வேண்டும், காலில் விழ வேண்டுமென்றாலும் விழுந்துவிட வேண்டும் என்றுதான் போனாள். ஸ்டெல்லா கதவைத் திறந்தாள். கையில் போன். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. ஆனால் ஒரு வருஷமாக இறுகிக் கிடந்த முகம் அன்றைக்குத்தான் இளகியிருந்தது.

"உள்ள வா உமா" என்றாள். "பாத்தேன். அம்மாகிட்ட சொல்லிராதீங்கன்னானாம்லா. அவன் அப்படித்தான். சின்னதுல விழுந்து முட்டிய ஒடச்சிக்கிட்டு வந்தாக்கூட ஜீனாகிட்ட, அம்மாட்ட சொல்லிராதம்பான்." உமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நெசமா அப்படிச் சொன்னானா? தம்பி உன்கிட்ட சொல்லியிருப்பாருல்லா. வேற எதுவும் சொன்னானா?"

ஆமா என்ற வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்தது. ஒரு வருஷத்துக்கு முன்னால் இப்படி இரக்கப்பட்டுத்தான் உமா ஒரு பொய்யைச் சொல்லிக் கெட்டாள். இன்னொரு தடவை இந்த அம்மாவிடம் பொய் சொல்வதில்லை என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"எனக்குத் தெரியாதுக்கா. அவிய எனக்கிட்ட எதுவுமே சொன்னதில்ல."

ஸ்டெல்லா அவள் முகத்தையே பார்த்தாள். பிடித்திருந்த கையை மெதுவாக விட்டாள்.

"அன்னைக்கும் தெரியாது, இப்பவும் தெரியாது."

"சத்தியமா அக்கா. காளீஸ்வரி மேல..."

"பிள்ளை மேல சத்தியம் பண்ணாத. போ உமா. என் பிள்ளை கடைசியாச் சொன்ன ஒரு வார்த்த. அதக்கூட எனக்குக் குடுக்க உனக்கு மனசு வரலல்லா."

கதவைச் சாத்தினாள். உமா கொஞ்ச நேரம் வெளியே நின்றாள். திரும்பத் தட்டி, ஆமா, சொன்னான் என்று சொல்லலாம். தட்டவில்லை.

அந்த மாதத்தோடு மிட்டாய் கம்பெனியை விட்டு நின்றுவிட்டாள். கண்ணபிரான் இப்போது தேறிவிட்டான். இன்னும் இரண்டு சேனலில் பேசியிருக்கிறான். ஒவ்வொன்றிலும் பிரின்ஸ்டன் புதிதாக ஏதாவது சொல்கிறான். டீக்கடையில் உட்கார வைத்து ஆட்கள் கேட்கிறார்கள். குதிலேக்காரன் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறான். ஸ்டெல்லா அவனை மாதா கோவில் திருவிழாவில் பார்த்துப் பேசினாளாம், பிள்ளையைப் பற்றி ரொம்ப நேரம் கேட்டாளாம். அதைக் கண்ணபிரானே வந்து சந்தோஷமாகச் சொன்னான். உமா கேட்டுக்கொண்டு பாத்திரம் விளக்கினாள்.

அவள் இப்போது ஒரு பருப்பு மில்லுக்கு உளுந்து புடைக்கப் போகிறாள். டவுனுக்கு வெளியே இருக்கிறது, பஸ்ஸில் போக வேண்டும். அங்கே வேலை பார்ப்பவர்கள் ஓட்டப்பிடாரம் பக்கத்துக்காரர்கள். யாருக்கும் அவளைத் தெரியாது. போன வாரம் புதிதாகச் சேர்ந்த கல்யாணசுந்தரி என்பவள் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தாள்.

"ஒங்க வீட்டுக்காரரு என்ன செய்யுதாவ மதினி?"

"வெளிநாட்டுல இருக்காவ" என்றாள் உமா.

"அப்படியா? நல்ல கம்பெனியா?"

"நல்ல கம்பெனிதான்."

"எப்ப வருவாவ?"

"தெரியல" என்று சொல்லிவிட்டு உமா சுளகை எடுத்தாள்.